ராகி டின்னுக்குள் ஒளித்த கண்ணாடி

என் சிட்டே,

நேற்று உனக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்தது. பிளாக்பள்ளி மாதா கோயிலில் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இரண்டு வரிசை நிறைய உட்கார்ந்து அழுதார்கள். நான் செத்தால் இத்தனை பேர் வருவார்களா என்று அந்த நேரத்திலும் நினைத்தேன். உன் அக்காவின் மனசைப் பார்.

அப்பா என்னை மூன்றாம் வகுப்போடு அடுப்படிக்கு அனுப்பினார். உன்னை டீச்சர் ஆக்கினார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் மகள் ரோசியையும் நீயே எடுத்துக்கொண்டாயே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. நீ உன் மூன்று பட்டைக் கண்ணாடியை வெயிலில் பிடிப்பாய். சுவரில் நிறம் நிறமாக விழும். "பிரிஸ்மாட்டிக்கலி!" என்று இரண்டு பேரும் சொல்லிச் சிரிப்பீர்கள். நான் அவளைத் திட்டினாலும் அதே வார்த்தை, அதே சிரிப்பு.

"என்னடி அர்த்தம்?" என்று கேட்டேன்.

"தமிழ்ல சொன்னா நல்லா இருக்காதுக்கா" என்றாய்.

உன்னை அடக்கம் செய்த மறுநாளே அந்தக் கண்ணாடியை ராகி டின்னுக்குள் ஒளித்தேன். ரோசி வீடெல்லாம் தேடினாள்.

"எலி தூக்கிட்டுப் போயிருக்கும்டி."

"எலிக்கு எதுக்கும்மா கண்ணாடி?" என்று கேட்டுவிட்டு அழுதாள். அந்த அழுகை எனக்கே தாங்கவில்லை.

இன்று காலை நானே எடுத்துத் துடைத்து அடுப்படி ஜன்னலில் வைத்தேன். கரிச்சுவரில் நிறம் விழுந்தது. ரோசி ஓடிவந்தாள். ஓரத்தில் ஒட்டியிருந்த ராகி மாவைப் பார்த்தாள். அதை விரலால் துடைத்துவிட்டாள். அப்போதுதான் கேட்டேன், அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தமென்று.

"வெளிச்சம் இதுக்குள்ள போயி நிறம் நிறமா பிரியுதில்லம்மா, அந்த மாதிரின்னு அர்த்தம். ஒரு விஷயம் எப்படி நடக்குதுன்னு சொல்ற வார்த்தை."

"அப்ப நான் திட்டறப்ப எதுக்குடி சொன்னீங்க?"

கண்ணாடியைத் திருப்பிக்கொண்டே சொன்னாள். "நீ கோவமா ஆரம்பிப்ப, அப்புறம் அழுவ, அப்புறம் கொஞ்சுவ, கடைசியில சோறு போடுவ. அம்மா பிரிஸ்மாட்டிக்கலியா திட்டறான்னு சின்னம்மா சொல்லும். ஆசையாத்தாம்மா சொல்லும்."

ஆசையாகத்தானாம். அதையும் உன் வாயால் கேட்க அவளுக்குத்தான் கொடுத்து வைத்திருக்கிறது. இப்போதும் வயிறு எரிகிறது, சிட்டு.

கண்ணாடி இனி ரோசியுடையது. சத்தியமாக ஒளிக்க மாட்டேன். காலையில் மட்டும் என் ஜன்னலில் இருக்கும்.

அவளிடம் சொன்னதை என்னிடமும் ஒரு தடவை சொல்லியிருந்தால், உங்களோடு சேர்ந்து நானும் சிரித்திருக்க மாட்டேனா?

உன்னை இன்னும் திட்டிக்கொண்டிருக்கும்
உன் அக்கா