நீ போடாத ஹேண்ட்பிரேக்

அன்புள்ள அண்ணே,

நீ உயிரோடு இருந்த கடைசி நாலு வருஷம் நாம் பேசிக்கொள்ளவில்லை. இப்போது எழுதுகிறேன். பதில் வராது என்ற தைரியம்தான்.

உன் லாரி இன்று போய்விட்டது. விருத்தாசலத்துப் பீங்கான் சாமான்களை வைக்கோல் சுற்றி ஊர் ஊராகக் கொண்டுபோன வண்டி, நீ போன பிறகு மூன்று வருஷமாக நம் இரண்டு வீட்டு வாசலுக்கும் நடுவே நின்றது. வாங்க வந்த பழைய இரும்புக்காரர், சக்கரம் உருளாவிட்டால் அங்கேயே கேஸ் கட்டர் வைத்து வெட்டி எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அண்ணி என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள்.

“வாசல்ல வச்சி வெட்ட வேணாம் தம்பி. உருண்டே போவட்டும். என்னால பாக்க முடியாது.”

பெண்ணாடத்திலிருந்து மெக்கானிக் காசி வந்தார். ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட்ட பிறகும் பின்சக்கரங்கள் இறுகிக் கிடந்தன. முன்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, பின்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி, பிரேக்கைத் தளர்த்தும் திருகைத் திருப்பிப் பார்த்தார். அசையவில்லை. டிரம்மைச் சுற்றிச் சுத்தியலால் தட்டிக்கொண்டே கேட்டார்:

“வண்டிய கழுவிட்டு ஈரத்தோட யாரு சார் ஹேண்ட்பிரேக் போட்டது? பிரேக் கட்டை துருப்புடிச்சி டிரம்மோட ஒட்டிக்கிட்டிருக்குது. டிரைவரு எவனும் இத செய்ய மாட்டான்.”

“அண்ணன்தான்” என்றேன்.

டீயோடு வந்த அண்ணி நின்றார்கள். “அவரு ஹேண்ட்பிரேக்க நம்ப மாட்டாரே. நாள்கணக்குல நிக்கும்னா கியர்ல போட்டுட்டு கல்லு வைப்பாரு.” காசியிடம்தான் சொன்னார்கள். என்னைப் பார்க்கவில்லை.

“அப்ப லாரியே போட்டுக்கிச்சு போல” என்றார் காசி.

போட்டவன் நான். நீ போன மறு வருஷம் ஆயுத பூஜைக்குக் குழாய் இழுத்துச் சக்கரம்வரை கழுவினேன். பொட்டு வைத்து, சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தேன். ஏற்றி நசுக்க எனக்கு ஓட்டத் தெரியாது. ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தாய். நான் கேட்டபோது மட்டும், லோடு ஏற்றுகிறவர்கள் முன்னால், “எம்.ஏ. படிச்ச கை, பேனாவோட நிக்கட்டும்” என்றாய். அவர்கள் சிரித்தார்கள். அதை நான் மன்னிக்கவில்லை; இப்போதும் இல்லை.

அன்று உன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான். பலம்கொண்ட மட்டும் ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. ரொம்ப நேரம் இறங்காமலே இருந்தேன். அத்தனை வருஷமும் நீயும் இப்படித்தான் தனியாக உட்கார்ந்திருந்தாயா, அண்ணே?

மதியத்துக்குமேல் வலது பக்கம் ‘டொக்’கென்று விட்டது. கொஞ்ச நேரத்தில் இடதும் விட்டது. கரும்பு டிராக்டர் ஒன்று கயிறு கட்டி இழுக்க, வண்டி உருண்டு தெருவில் இறங்கியது. அண்ணி கையெடுத்துக் கும்பிட்டார்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நடுவில் வண்டி இல்லை. என் வாசலிலிருந்து அந்தக் கதவு இப்போது நேராகத் தெரிகிறது.

நாளைக் காலையில் போய்த் தட்டுவேன். போட்டது நான்தான் என்று சொல்லிவிடுவேன். உன்மேல் எனக்கு நிஜமான கோபங்களே நிறைய இருக்கின்றன. பொய்யாக ஒன்றை உன் தலையில் வைக்க மாட்டேன்.

கோபம் தீராத,
உன் ஒரே தம்பி