இஸ்திரி ஹாலுக்கு வந்த கம்பளிச் சால்வை

மார்ச் 6

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

நலம். அப்படி எழுதுவது வழக்கம் என்பதால் எழுதினேன். உண்மையில் வெந்துகொண்டிருக்கிறேன்.

போனில் பேசியிருக்கலாமே என்பாய். போனில் நான் குரலை உயர்த்தினால் நீ அழுதுவிடுகிறாய். கடிதமென்றால் முழுசாகத் திட்டலாம், குறுக்கே யாரும் மூக்கை உறிஞ்ச மாட்டார்கள்.

எங்கள் இஸ்திரி ஹாலை நீ ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கிறாய், அதுவும் மழை நாளில். இப்போது வந்து பார். மேலே தகரக் கூரை, சுவருக்கு அந்தப் பக்கம் பாய்லர், தலைக்கு மேல் நீராவிக் குழாய். ஒவ்வொரு இஸ்திரிப் பெட்டியும் முகத்தில் புஸ்ஸென்று ஆவி விடுகிறது. ஜன்னலைத் திறக்கவும் கூடாது, வெள்ளைச் சட்டையில் தூசி படியுமாம். "சட்டை அழுக்கானா திரும்பி வந்துடும்மா. நீங்க வேர்த்தா யாரு திருப்பி அனுப்பப்போறாங்க?" என்கிறார் விசில். எங்கள் சூப்பர்வைசர்தான். ஆள் வருவதற்கு முன்னால் அவர் விசில் வரும். பக்கத்து மேஜை ஒல்லி ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டுதான் நிற்கிறாள். நாலு காலர் தேய்ப்பதற்குள் அது காய்ந்துபோகிறது.

நீயோ தலைமை அலுவலகத்தில் ஏசிக்கு அடியில் மகாராணி மாதிரி. அந்த நாற்காலிக்கு முதலில் மனுப் போட்டவள் நான். உனக்குக் கம்ப்யூட்டர் தெரிந்திருந்தது, எனக்கு இஸ்திரிதான் தெரிந்திருந்தது. சரி, விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். அம்மா தன் கம்பளிச் சால்வையைக்கூட உனக்கே தூக்கிக் கொடுத்தாள். "சின்னவளுக்கு அங்க குளிரும்டி, உனக்கு எதுக்கு?" என்றாள். அவள் சொன்னது நியாயம்தான், அதனால்தான் எரிச்சல் இன்னும் அதிகம்.

ஒரு காரியம். ஹாலுக்குப் பெரிய ஃபேன்கள் கேட்டு மனு அனுப்பியிருக்கிறோம். நான்தான் எழுதினேன், எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். உங்கள் ஆபீசுக்குத்தான் வந்திருக்கும். அது அடியில் போய்விடாமல் பார்த்துக்கொள். உன் ஏசியில் பங்கு கேட்கவில்லை, கொஞ்சம் காற்றுத்தான் கேட்கிறேன்.

பாதி வெந்த
உன் அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மேஜையில் பரப்பி வைத்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு படித்தேன். நம்பமாட்டாய். ஏசிக் காற்று விழும் ஓட்டை சரியாக என் உச்சந்தலைக்கு மேல் இருக்கிறது. மகாராணிக்கு விரல்கள் விறைத்துப்போய் டைப் அடிக்க வரவில்லை.

ரிமோட் எங்கள் மேனேஜரின் மேஜை டிராயரில், பூட்டுக்குள். அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு வருகிறார், அவருக்கு ஏற்ற குளிர்தான் எல்லோருக்கும். பக்கத்து சீட்டுக்காரர் ஒரு நாள் அட்டை வைத்து ஓட்டையை அடைத்தார். "ஆபீஸா, குடிசையா இது?" என்று மேனேஜரே ஏறிப் பிய்த்துப் போட்டார். கழிவறையில் கை உலர்த்தும் மிஷின் ஒன்று இருக்கிறது. அடிக்கடி போய் அதில் கையைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். எனக்கு ஏதோ வியாதி என்று பேசிக்கொள்கிறார்களாம். அம்மாவின் சால்வை இல்லாவிட்டால் என்றைக்கோ ஓடி வந்திருப்பேன்.

சில நேரம் உங்கள் இஸ்திரி ஹாலை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது, அக்கா. சூடாக ஒரு பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கலாமே என்று.

மனு வந்துவிட்டது. மேனேஜரின் மேஜையில் மேலாகவே எடுத்து வைத்திருக்கிறேன்.

நடுங்கும்
உன் சின்னக்குட்டி


மார்ச் 22

சின்னக்குட்டிக்கு,

ஏக்கமா? ஏக்கம் என்ற வார்த்தையை எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? ஒல்லியிடம் அந்த வரியைப் படித்துக் காட்டினேன். "உன் தங்கச்சியை ஒரு நாள் இங்க அனுப்பு, அவ ஏக்கத்தை நாம இஸ்திரி போட்டுடலாம்" என்றாள். நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபிறகு சிரிப்பு வரவில்லை.

அம்மா வந்து ஞாயிற்றுக்கிழமை பூராவும் உன் புராணம்தான் பாடினாள். சின்னவள் சுழல் நாற்காலியில் உட்கார்கிறாள், சின்னவளுக்கு வேர்ப்பதே இல்லை. நான் விசிறியால் அவளுக்கு வீசிக்கொண்டே கேட்டேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். இங்கேயும் எல்லாம் மாறிவிட்டது. ஆள் உயரத்துக்கு ஏர்கூலர்கள் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், மேஜைக்கு மேஜை. ஹாலே ஜில்லென்று கிடக்கிறது. மத்தியானத்தில் எனக்கே நடுங்குகிறது என்றால் பார்த்துக்கொள். அந்தச் சால்வை என்னிடம் இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. குளிரும் ஏசியும் உனக்கு மட்டும்தான் எழுதி வைத்திருக்கிறது என்று நினைக்காதே.

அக்கா


மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் படித்து எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நீ வெந்துகொண்டிருக்கும்போது நான் நடுங்குகிறேன் என்று எழுதியதற்கு ஒரு வாரமாக என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். இனி நாம் இரண்டு பேரும் ஒரே மாதிரி.

கூடவே ஒரு நல்ல செய்தி. உன் கடிதம் வந்த அன்றைக்குத்தான் உங்கள் மனுவை மேனேஜர் கையில் எடுத்தார். ஃபேன்களுக்குக் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டார். நான் எழுந்து, "சார், அங்க கூலர் வச்சுட்டாங்க, இப்ப குளிருதாம்" என்றேன். "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். "எங்க அக்கா அங்கதான் சார் வேலை பார்க்குறா" என்றேன். "அப்ப சரி" என்று அந்த ஃபேன்களைக் கிடங்குக்கு ஒதுக்கி எழுதிவிட்டார். இந்த நாற்காலிக்கு வந்த நாளிலிருந்து நான் சொன்ன ஒன்றை ஒருவர் காதில் வாங்கியது இதுதான் முதல் தடவை. உன்னால் எனக்குக் கிடைத்த மரியாதை.

சால்வையை இத்துடன் பார்சலில் அனுப்புகிறேன், உன் ஹால் முகவரிக்கே. எனக்கு வேண்டாம் என்று இல்லை. ஆனால் நீ கேட்டு நான் எதுவும் கொடுத்ததே இல்லை, எப்போதும் நான்தான் வாங்கியிருக்கிறேன். போர்த்திக்கொள்.

உன் சின்னக்குட்டி


ஏப்ரல் 5

சின்னக்குட்டி,

பார்சலை விசில்தான் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். எல்லோர் முன்னாலும் பிரித்தேன். அந்த வெக்கையில், ஆவிக்கு நடுவில், கம்பளிச் சால்வை. ஹாலே விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு உன் கடிதத்தைப் படித்தேன்.

கூலர் இல்லை. ஒன்றுகூட இல்லை. நான் பொய் எழுதினேன்.

ஏன் என்று கேட்டால் பொறாமைதான். உன் நாற்காலி, உன் குளிர், அம்மா உன்னைப் பற்றிப் பேசும் குரல், எல்லாவற்றின் மீதும். உனக்குக் கிடைத்தது எனக்கும் கிடைத்துவிட்டது என்று ஒரு கடிதத்திலாவது இருக்கட்டும் என்று எழுதினேன். எழுதி முடித்ததும் மனசு நிஜமாகவே குளிர்ந்தது. மனு எழுதியதும் நான்தான் என்பது அப்போது நினைவுக்கே வரவில்லை.

பார்சல் பிரித்த அன்றைக்கே மத்தியானம் ஒல்லி மயங்கி விழுந்துவிட்டாள். பெட்டி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். ஒருத்தி முகத்தில் தண்ணீர் தெளித்தாள், ஒருத்தி அட்டையால் வீசினாள், ஒருத்தி காலைத் தேய்த்தாள். தலைக்கு வைக்க அகப்பட்டது உன் சால்வைதான். கண்ணைத் திறந்ததும், "ஃபேன் எப்ப வரும்?" என்று என்னைத்தான் கேட்டாள். வரும் என்றேன். அதுவும் பொய்தானே?

உன் மேனேஜரிடம் சொல்லிவிடு. என் அக்கா பொய்க்காரி என்றே சொல். பழியை நீ சுமக்காதே.

அக்கா


ஏப்ரல் 14

அக்காவுக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனது கோபத்தால். நடுவில் காய்ச்சலும் வந்தது, சால்வை இல்லாமல் உட்கார்ந்ததால்.

மேனேஜரிடம் போனேன். அக்கா பொய் சொன்னாள் என்று சொல்ல வாய் வரவில்லை. "நான் விசாரிக்காம சொல்லிட்டேன் சார்" என்றேன். மற்ற சீட்டுக்காரர்கள் எல்லோரும் தலையை நிமிர்த்தினார்கள். "அக்கா சொன்னா, அத்தை சொன்னான்னு இனிமே என்கிட்ட வராதே. நீயே போய் ஒரு வாரம் அந்த ஹாலில் நில்லு. தெர்மாமீட்டர் வச்சுப் பார்த்து எழுதிட்டு வா. அப்புறம் யோசிக்கலாம்" என்றார். இந்த மாதம் என்னை நிரந்தரமாக்குவதாக இருந்தது. அதையும் தள்ளிப்போட்டுவிட்டார்.

உன் மீது எனக்குக் கோபம் அதனால் இல்லை. ஒல்லி விழுந்தபோது வீசினவள், காலைத் தேய்த்தவள் என்று நீ எழுதியிருந்தாயே, அதை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் காய்ச்சல் முடிந்து வந்தபோது ஒரே ஒருவர் கேட்டார், "லீவா?" என்று. அவ்வளவுதான். உனக்கு மட்டும்தான் பொறாமை தெரியும் என்று நினைத்தாயா? நான் ஏக்கம் என்று எழுதியது இஸ்திரிப் பெட்டியைப் பற்றி இல்லை. நீ அதைக்கூட எனக்கு விட்டுவைக்காமல் ஒல்லியிடம் படித்துக் காட்டிச் சிரித்திருக்கிறாய்.

திங்கட்கிழமை வருகிறேன். உன் மேஜைக்குப் பக்கத்தில்தான் நிற்பேன். பேசுவேனா என்று எனக்கே தெரியாது.

சின்னக்குட்டி


மே 19

என் சின்னக்குட்டிக்கு,

ஃபேன்கள் நேற்று வந்து மாட்டியாகிவிட்டன. அந்த இரைச்சலில் விசில் அடித்தால் இப்போது யாருக்கும் கேட்பதில்லை, அது தனி லாபம்.

நீ வந்த முதல் நாளைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள். தலைமை அலுவலகத்து ஆள் என்று பயந்து விசில் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டதும், "எப்பவும் போல மூடுங்க சார், அப்பத்தான் சரியா அளக்க முடியும்" என்றாயே! ஹால் முழுக்க உன்னைச் சபித்தது. நானும்தான். அப்புறம் உன் முகம் சிவந்து, மூக்கு நுனியில் வேர்வை சொட்ட, அந்தக் கண்ணாடிக் குழாயைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு ஒரு வாரமும் உட்காராமல் நின்றதைப் பார்த்தேன். ஒல்லி தன் ஈரத் துண்டை எடுத்து உன் தலையில் போட்டபோது நீ அழுதாய். போனில் அழுவது மாதிரி இல்லை அது. நான் திரும்பிக்கொண்டேன். என்னிடம் நீ பேசியது "தள்ளு", "தண்ணி குடு", இரண்டும்தான். பஸ் ஏறும்போதும் சால்வையைக் கேட்கவில்லை, நானும் வெட்கத்தில் எடுத்து நீட்டவில்லை.

இப்போது காற்று வந்தால் போதும், "உன் தங்கச்சி காத்து" என்கிறார்கள். மனு எழுதியவள் நான் என்று ஒருத்திக்கும் நினைவில்லை. பொறாமை போய்விட்டதா என்று கேட்காதே. போகவில்லை. ஆனால் இப்போது அதோடு கூட நீயும் நினைவுக்கு வருகிறாய், அந்த ஓட்டைக்கு அடியில், கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு.

ஒரு வேடிக்கை கேள். நேற்றுச் சாயங்காலம் வேர்த்த முதுகில் அந்தக் காற்றுப் பட்டதும் எனக்கு நடுங்கியது. நிஜமாக. பொய் சொல்லி வாங்கிய சால்வையை எடுத்து நிஜமாகவே போர்த்திக்கொண்டேன். உனக்கு எதுக்கு என்று யாரும் கேட்கவில்லை.

அப்புறம் அதை மேஜையில் விரித்து, நடுவில் வெட்டிவிட்டேன். அம்மாவுக்குத் தெரிந்தால் கொன்றுவிடுவாள். இரண்டு ஓரத்தையும் மடித்துத் தைத்து, என் கையால் இஸ்திரி போட்டு இத்துடன் அனுப்புகிறேன். பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, போர்த்திக்கொள்.

உனக்குப் பெரிய பாதி. அளந்து பார்க்காதே.

உன் அக்கா