அடுப்பில் ஏறிய பழம்

சமையலறை மேசைமேல் ஆறு நேந்திரம் பழங்கள் கிடக்கின்றன. வாங்கி ஐந்து நாளாயிற்று. தோல் நன்றாகக் கறுத்துவிட்டது. வாசற்கதவைத் திறந்தாலே மணக்கிறது. பார்க்கிறவர்கள் அழுகிப்போனது என்று தூக்கி எறிந்துவிடுவார்கள். நீ எறிய மாட்டாய். இந்தப் பக்குவம் வரட்டும் என்றுதானே சில சமயம் ஒரு ஞாயிற்றுக்கிழமையை விட்டு அடுத்த ஞாயிறு என் வீட்டுக்கு வருவாய்.

நேற்று உன் மருமகள் போன் செய்தாள். "ஆன்ட்டி, ஞாயித்துக்கிழமை அத்தைக்கு வருச தெவசமுங்க. நீங்க கண்டிப்பா வந்துபோடோணும்" என்றாள். அத்தை என்று அவள் சொன்னது உன்னைத்தான். நல்ல பெண். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "எதும் செஞ்சு எடுத்துட்டு வந்து சிரமப்பட வேண்டாமுங்க. பழம் மட்டும் வாங்கிட்டு வாங்க, போதும்" என்றாள். பக்கத்தில் உன் நாத்தனார் நின்றிருக்க வேண்டும். யாரோ சொல்லிக்கொடுத்துப் பேசுகிறவர்களின் குரல் எப்படி இருக்கும் என்று முப்பது வருஷம் வார்டில் நர்சாக நின்ற எனக்குத் தெரியாதா?

பழம் மட்டும். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் வந்த கோபம் இன்னும் போகவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். நேரில் நாம் இருவரும் கடைசிவரை 'ங்க' போடாமல் பேசிக்கொண்டதில்லை. இங்கே நீ என்றே எழுதிக்கொள்கிறேன். இப்போது அதற்கு எனக்கு உரிமை உண்டு.

எங்கள் வீட்டில் பழத்துக்கென்று ஒரு வேலை இருந்தது. அப்பா பல்லடம் பக்கத்துத் தோட்டங்களில் கூலிக்குப் போனவர். உங்கள் ஆட்கள் யாராவது ஓட்டுக் கேட்கவோ, ஆள் கூப்பிடவோ எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டால் அப்பா செருப்பைக்கூட மாட்டாமல் கடைக்கு ஓடுவார். ஒரு சீப்புப் பழமும் மூடி திறக்காத சோடாவும் வாங்கிக்கொண்டு மூச்சு வாங்கத் திரும்புவார். அவர்களாகவே உரித்துக்கொள்வார்கள், அவர்களாகவே மூடியைத் திறந்துகொள்வார்கள். தோலோடு இருக்கிற பழத்தில் எங்கள் கை படவில்லை என்று கணக்கு. அதே பழத்தை நறுக்கி அடுப்பில் ஏற்றிவிட்டால் அது எங்கள் சாப்பாடு. அதைத் தொட மாட்டார்கள். யாரும் எழுதி ஒட்டியதில்லை. ஆனாலும் எங்கள் தெருவில் நாலு வயசுக் குழந்தைக்கும் இது தெரியும்.

கோயமுத்தூரில் நர்ஸ் வேலைக்கு வந்தபோது அதெல்லாம் பல்லடத்தோடு போயிற்று என்று நினைத்தேன். நீயும் அதே ஆஸ்பத்திரியில் அதே வருஷம் சேர்ந்தாய். இரண்டு பேருக்கும் ஒரே வார்டு, ஒரே டூட்டி. மத்தியானம் டப்பாவைத் திறந்தால் உன் கொள்ளுப் பருப்பும் அரிசிப் பருப்புச் சோறும் என் தட்டுக்கு வந்துவிடும். என் டப்பாவை நான் நீட்டினால், "வேண்டாமுங்க சிஸ்டர், வவுறு என்னமோ சரியில்லீங்க" என்பாய். எத்தனை வருஷம் உனக்கு வயிறு சரியில்லாமல் இருந்தது! மாத்திரை எழுதிக்கொடுக்கட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். நீ சிரித்தாய், நானும் சிரித்துவைத்தேன். எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும். அதைத் தாண்டி நமக்குள் அவ்வளவு பிரியம் இருந்தது. அதுதான் வேதனை.

கடன் வாங்கி போத்தனூரில் நான் வீடு கட்டியதும் நீ வரத் தொடங்கினாய். வருவாய், சோபாவில் உட்கார்ந்து கதை பேசுவாய், தட்டில் இருக்கிற பழத்தில் ஒன்றை எடுத்து நீயே உரித்துத் தின்பாய். நானும் மடச்சி மாதிரி நீ வருகிற நாளெல்லாம் கடைக்குப் போய் ஒரு சீப்பு வாங்கி வைத்தேன். அப்பா ஓடிய அதே ஓட்டம். என்ன, என் காலில் செருப்பு இருந்தது.

ஒரு கிறிஸ்துமஸுக்கு முறுக்கும் அதிரசமும் கட்டி உன் கையில் கொடுத்தேன். "ஊட்டுக்குப் போயி சாப்புட்டுக்கறேனுங்க" என்று பையில் வைத்துக்கொண்டாய். மறுநாள் வார்டு ஆயா மாடிப்படியில் உட்கார்ந்து அதே அதிரசத்தைத் தின்றுகொண்டிருந்தாள். "அந்த சிஸ்டர் குடுத்தாங்க, நல்ல மனசு" என்று உன்னை மெச்சினாள். நான் ஊசித் தட்டை எடுத்துக்கொண்டு வார்டுக்குள் போனேன்.

உன் மகன் காலேஜில் சேர்ந்த செய்தியோடு மைசூர்பாகு டப்பாவை எடுத்துக்கொண்டு ஆனி மாதத்தில் நீ வந்தாயே, அந்த நாளுக்கு வருகிறேன். நீ கொடுத்த மைசூர்பாகை உன் முன்னாலேயே தின்றேன். நீ வழக்கம்போலப் பழத்தட்டுக்குக் கையை நீட்டினாய். தட்டை எடுத்துக்கொண்டு, "பொறுங்க" என்று அடுப்படிக்குப் போனேன். நீ உட்கார்ந்த இடத்திலிருந்து என் அடுப்பு நேராகத் தெரியும். நேந்திரத்தை உன் கண் முன்னால் உரித்து, விரற்கடை கனத்துக்கு நறுக்கி, நெய்யில் போட்டேன். பொள்ளாச்சி வெல்லத்தைக் கரைத்து ஊற்றினேன். நர்சிங் ஹாஸ்டலில் என்னோடு இருந்த பாலக்காட்டுக்காரி கற்றுக்கொடுத்த பலகாரம் அது. சுடச்சுட, கரண்டியால் அள்ளித் தின்ன வேண்டும்.

"எதுக்குங்க சிஸ்டர் சிரமம்? ஒரு பழம் குடுத்தா உரிச்சுக்க மாட்டனா?" என்றாய்.

"இதும் அதே பழந்தானுங்க. அடுப்புல ஏறியிருக்குது, அவ்வளவுதான்" என்றேன்.

உன் முகம் மாறியது. அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு, கொதிக்கிற பாகில் தேங்காய்ப்பாலை ஊற்றினேன். தீயை அணைத்து, கொதி அடங்கியபின் ஊற்ற வேண்டிய பால். திப்பி திப்பியாகத் திரிந்துவிட்டது. திரிந்ததையே கிண்ணத்தில் போட்டு உன் முன்னால் வைத்தேன்.

"இப்பத்தானுங்க சாப்புட்டுப்போட்டு வந்தேன்" என்றாய். பையை எடுத்துக்கொண்டாய். "வாரேனுங்க" என்றாய். கிண்ணத்தில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

நாலு மாதம் பேசவில்லை நாம். "ஆறாம் பெட்டுக்கு டிரிப் மாத்தணும்", "ஒம்பதாம் பெட் டிஸ்சார்ஜ்" என்று வேலைப் பேச்சு மட்டும். செய்தது தப்போ, இருந்த ஒரு சிநேகிதத்தையும் நானே கெடுத்துக்கொண்டேனோ என்று பல நாள் அழுதிருக்கிறேன். ஆனால் மன்னிப்புக் கேட்க மட்டும் வாய் வரவில்லை. கேட்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்த நாலு மாதம்தான் என் வாழ்க்கையிலேயே நான் நிமிர்ந்து நின்ற காலம்.

ஐப்பசி மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைத் தட்டினாய். தலையெல்லாம் நனைந்திருந்தது. உள்ளே வந்து உட்காரவில்லை.

"பையன் பொறந்தன்னிக்கு நீங்கதான் லேபர் வார்டு டூட்டி. வலியில கெடந்தப்ப சுடுதண்ணி புகட்டுனீங்க. யாரு கையின்னு நா கேக்கலீங்க. வலி நின்னதுக்கப்பறம் கேக்கறேன்னா நா என்ன மனுசிங்க?" என்றாய். ஈரத் தலையைச் சேலைத் தலைப்பால் துவட்டிக்கொண்டாய். பிறகு நீயே, "அடுப்பப் பத்த வைங்க. இன்னிக்காச்சும் பாலு திரியாம செய்யுங்க" என்றாய்.

நான் உடனே கரைந்துபோய்விடவில்லை. "செய்யறேனுங்க. ஆனா நீங்க சோபாவுல உக்காந்து வாங்கித் திங்கக்கூடாது. அடுப்படிக்கு வரோணும்" என்றேன். வந்தாய். நான் நறுக்க நறுக்க வாணலியில் போட்டாய். ஒரு பக்கம் சிவந்ததும் ஒவ்வொன்றாகத் திருப்பிவிட்டாய். தீயை அணைத்த பிறகு பாலை நீதான் ஊற்றினாய். ஏலக்காயும் சுக்கும் தட்டிப் போட்டு, நின்றபடியே இருவரும் ஒரே வாணலியிலிருந்து தின்றோம். வாய் வெந்தது உனக்கு. "இத்தன வருசம் ஏமாந்துபோட்டனே" என்றாய். எதைச் சொன்னாய் என்று நான் கேட்கவில்லை.

அதற்கப்புறம் பதினோரு வருஷம். எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எத்தனை வாணலி! உன்னைப் புகழ்ந்து நான் இதை முடித்துவிடலாம். முடிக்க மாட்டேன். என் அடுப்படியில் தின்ற நீ, உன் வீட்டில் அதைச் சொல்லவில்லை. உன் தோட்டத்து வீட்டுக்கு நான் வந்தபோதெல்லாம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிதான். காப்பி, பேப்பர் கப்பில். உன் கண் என்னிடம் கெஞ்சும். "எப்பத்தான் சொல்லப்போறீங்க?" என்று கேட்டால், "சொல்லிப்போடறேனுங்க, நா இருக்கறப்பவே சொல்லிப்போடறேன்" என்பாய். போன வருஷம் மாரடைப்பு வந்து, சொல்லாமலே போய்விட்டாய். அதற்காக மட்டும் நான் உன்னை இன்னும் மன்னிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உனக்குப் படையல் போடுவார்கள். போனவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைக்க வேண்டும் என்பது உங்கள் வழக்கம்தான், நான் உண்டாக்கியதில்லை. உனக்கு எது பிடிக்கும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். ஆறு பழத்தையும் சமைத்து எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இதுவரை எழுதியது வெள்ளிக்கிழமை. மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எழுதுகிறேன்.

பலகாரத்தை நிரப்பிய தூக்குப்போசியை மடியில் வைத்துக்கொண்டு பல்லடம் பஸ்ஸில் வந்தேன். பயம் இல்லை என்று சொன்னால் பொய். சூலூர் தாண்டும்போது இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். வாசலில் அதே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டிருந்தார்கள். நான் உட்காரவில்லை. கூடத்தில் உன் போட்டோவுக்கு முன்னால் இலை விரித்து, பணியாரமும் ஓமப்பொடியும் வைத்திருந்தார்கள். ஓமப்பொடி! உனக்கு ஆகவே ஆகாதே!

உன் நாத்தனார் எழுந்து வந்தார். "ஏனுங்க சிஸ்டர், பழம் கொண்டாந்திருந்தா அக்கட்ட வெச்சுப்போட்டு உக்காருங்க" என்றார்.

"பழந்தானுங்க" என்றேன். "அடுப்புல ஏறுன பழம். உங்க தம்பி சம்சாரம் பதினோரு வருசமா என்ற ஊட்டு அடுப்படியில நின்னு தின்னது. இலையில வெக்கோணும்னுதான் கொண்டாந்தேன்."

நீ சொல்லாததை நான் சொல்லிவிட்டேன். பெரியவர்கள் மூன்று பேர் எழுந்து வெளியே போனார்கள். உன் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "செத்தவ மேல எதையும் சொல்லலாமுங்களா?" என்று உன் நாத்தனார் கத்தினார். நான் போசியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உன் மகன் பக்கத்தில் வந்தான். போசி மூடியைத் திறந்து முகர்ந்தான். "அம்மா ஞாயித்துக்கிழமை வந்தா சேலையில இந்த வாசந்தாங்க அடிக்கும்" என்றான். "என்ன வாசம்மான்னு கேட்டா, டவுன்ல ஓட்டல்னு சொல்லும்." தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆறிப்போச்சுங்களே ஆன்ட்டி" என்றான்.

"சூடாத்தான் உங்கம்மாவுக்குப் புடிக்கும். அடுப்பு எங்க இருக்குது?" என்று கேட்டேன்.

முப்பது வருஷத்தில் உன் அடுப்படியை நான் முதன்முதலாகப் பார்த்தேன். உன் மருமகள்தான் அடுப்பைப் பற்றவைத்தாள். போசியில் இருந்ததை உன் வாணலியில் கொட்டினேன். முதுகுக்குப் பின்னால் யார் யாரோ நின்று என்னென்னவோ சொன்னார்கள். நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தீயைச் சிறிதாக்கி, வாணலியை மட்டுமே பார்த்துக்கொண்டு கிளறினேன். பால் திரியவில்லை.

இலையில் உன் மகன் வைத்தான். படையல் முடிந்ததும் அவனும் உன் மருமகளும் தின்றார்கள். வேறு யாரும் தொடவில்லை. உன் வீட்டுக்காரர் கிண்ணத்தைக் கையில் வாங்கி, கீழே வைத்துவிட்டார். எல்லாம் மாறிவிட்டது என்று உன்னிடம் நான் கதைவிட மாட்டேன். யாருக்கும் நன்றி சொல்ல நான் வாய் திறக்கவில்லை. அந்த அடுப்படி எனக்கு யாரும் போட்ட பிச்சை இல்லை. கிளம்பும்போது உன் மருமகள் வாசல்வரை வந்து, "பாலு எப்ப ஊத்தோணுமுங்க?" என்று கேட்டாள். சொல்லிக்கொடுத்தேன்.

பாதி மிச்சம் திரும்பி வந்திருக்கிறது. இப்போதுதான் சூடாக்கி, நின்றபடியே வாணலியிலிருந்து தின்றேன். பழத்தட்டைக் கழுவிப் பரண்மேல் போட்டுவிட்டேன். இனி இந்த வீட்டுக்கு யார் வந்தாலும் உரிக்காத பழம் கிடைக்காது. வேண்டுமென்றால் அடுப்படிக்கு வரட்டும், வேண்டாமென்றால் பசியோடு போகட்டும்.

அடுத்த வருஷமும் உன் வீட்டுக்கு வருவேன். 'பழம் மட்டும்' கொண்டுவர மாட்டேன்.