சுபுஹுக்கு எழுப்புகிறவன்

அன்புள்ள உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில் நலமாக இருக்கிறேன். உங்கள் முட்டி வலி குறைந்ததா?

ஒழுங்காகத் தொழுகிறேனா என்று கேட்டிருந்தீர்கள். சலவை ஆலையில் எனக்கு இரவு வேலை. ஆள் இல்லை என்று இரண்டு பேர் வேலையை ஒருவன் தலையில் கட்டுகிறார்கள். விடியுமுன் அறைக்கு வரும்போது கண்ணுக்குள் நீராவியும் வெள்ளை விரிப்புகளும் மிதந்துகொண்டே இருக்கும். மதரஸாவில் ஓதியவன் என்பதால் இங்கே என் பெயர் ஹஜ்ரத். அறையில் இருக்கும் எல்லோரையும் சுபுஹுக்கு, அந்த விடியற்காலைத் தொழுகைக்கு, எழுப்பிவிட்டு, நான் தொழாமல் படுத்துவிடுவேன்.

பக்கத்துக் கட்டிலில் படுக்கும் வெல்டர் அண்ணன் கண்டுபிடித்துவிட்டார். "ஏன் ஹஜ்ரத், எங்களை சொர்க்கத்துக்கு பஸ் ஏத்திவிட்டுட்டு நீங்க டிப்போலயே படுத்துக்குவீங்களோ?"

அறையே சிரித்தது. வெட்கத்தில் மறுநாள் யாரையும் எழுப்பவில்லை. எல்லோருக்கும் தொழுகை தவறியது. அண்ணன் கத்தினார்: "நீ தொழாதது உன் பாடு. எங்களை எழுப்பாம விட நீ யாருப்பா?"

இன்று எழுப்பினேன். வரிசையில் ஓர் ஆளுக்கு இடம் விட்டுக் காத்திருந்தார்கள். போய் நின்றேன். சஜ்தாவில் குனிந்து நெற்றி தரையில் பட்டதும் வெள்ளை விரிப்புகள் மிதந்து வந்தன. அதில் ஒன்றை நீங்கள் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தீர்கள். எல்லோரும் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த பிறகு அண்ணன்தான் என்னைத் தட்டி எழுப்பினார்.

தங்கச்சி போனில் "எந்திரி வாப்பா" என்று பேசி அனுப்புங்கள். அதை அலாரமாக வைத்துக்கொள்கிறேன். செல்லமாக வேண்டாம், வீட்டில் திட்டுவீர்களே, அதே மாதிரி.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. துஆ செய்யுங்கள்.

உங்கள் மகன்