மேடை நாற்காலியில் நான்

அன்பு மகள் சின்னக்குட்டிக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் என் முட்டிவலியும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வலி கிலி இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும். சித்தப்பா கண் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார், கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பந்தா தாங்கவில்லை. மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, பிளம்பர் நாளைக்கு நாளைக்கு என்கிறான். அங்கே குளிர் என்றாயே, காதை மூடாமல் வெளியே போகாதே.

ஒரு கூத்து நடந்தது, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். புதன்கிழமை பெண்கள் பள்ளியில் மைக்செட் கட்டக் கூப்பிட்டார்கள், யாரோ எழுத்தாளர் பிள்ளைகளைப் பார்க்க வருகிறாராம். பாடமே முடியல, இதெல்லாம் எதுக்கு என்று கணக்கு டீச்சர் முணுமுணுத்தார், எனக்கும் அப்படித்தான் பட்டது. ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு, உட்கார்ந்தால் மைக் வாய்க்கு எட்டுகிறதா என்று பார்க்க மேடை நாற்காலியில் உட்கார்ந்தேன். அன்றைக்கென்று வெள்ளைச் சட்டை வேறு. டீச்சர்கள் எல்லாம் விருந்தாளியை வரவேற்க வாசலுக்குப் போய்விட்டார்கள், பிள்ளைகள் வரிசையாக வந்து எனக்கு வணக்கம் சொல்லி உட்கார்ந்தார்கள். மரியாதை தெரிந்த பிள்ளைகள் என்று நினைத்தேன். உடனே ஒரு சின்னப் பெண் எழுந்து, நீங்க எழுதினதை முதல்ல யாருக்குப் படிச்சுக் காட்டுவீங்க சார் என்று கேட்டாள். அடடா, ஆள் மாறிப்போச்சே என்று அப்போதுதான் உறைத்தது.

நான் மைக்செட்காரன் என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், என் பதிலுக்காக ஒருவர் அப்படி நின்று எவ்வளவு காலம் ஆயிற்று. எது நடந்தாலும் என் வீட்டுக்காரிகிட்டதான் முதல்ல சொல்வேன்மா, இப்ப அவ இல்ல, அதனால யார்கிட்டயும் சொல்றதில்ல என்று மைக்கிலேயே சொல்லிவிட்டேன். நாலு ஸ்பீக்கரிலும் என் குரல் கேட்டதும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. விட்டார்களா? சொல்லாம வச்சா மறந்துபோகாதா சார், தனியா இருந்தா பயமா இருக்குமா என்று கேட்கக் கை மேல் கை உயர்ந்தது. கால் மணி நேரம் பேசினேன்டி. உன் அம்மா ரேடியோவின் தலையில் குட்டிப் பாடவைப்பாளே, அதைச் சொன்னதும் ஹாலே சிரித்தது.

நிமிர்ந்தால் வாசலில் நிஜ எழுத்தாளர், பக்கத்தில் பேயறைந்த மாதிரி தலைமையாசிரியை. பதறி எழுந்தேன். அந்த மனிதர் கையமர்த்தி, நான் சொல்ல வந்ததைத்தான் நீங்க சொல்றீங்க, உக்காருங்க என்று பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடச் சொன்னார். தன் முதல் கதை ஏழு தடவை திரும்பி வந்ததையும், இன்றைக்கும் ஒரு பக்கம் எழுத நாலு பக்கம் கிழிப்பதையும் ஒளிக்காமல் சொன்னார். கடைசியில் கணக்கு டீச்சரே கேள்வி கேட்கக் கையைத் தூக்கினார் என்றால் பார்த்துக்கொள். புத்தகம் அலமாரி நிறைய இருக்கட்டும், எழுதின ஆள் எதிரே வந்து உட்கார்ந்தால்தான் பிள்ளைகளுக்குக் கேட்க வாய் வருகிறது. மாதம் ஒருத்தரைக் கூப்பிடுங்கள், மைக்செட்டுக்கு நான் ஆச்சு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக் கதவைத் திறந்தபோதுதான் தாங்க முடியவில்லை. உள்ளே கேட்க ஆளில்லை. நீ ஞாயிறு தவறாமல் போன் பண்ணுகிறாய், சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா, கதவைப் பூட்டியாச்சா என்கிறாய், ஆச்சு ஆச்சு என்கிறேன், வைத்துவிடுகிறாய். உன்னைக் குறை சொல்லவில்லை, நானும் உன்னிடம் அதையேதான் கேட்கிறேன். இனிமேல் ஆச்சு என்று சொல்லி முடிக்க முடியாத எதையாவது கேளேன்.

இரண்டு பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருங்கள். இந்த ஞாயிறு வேறு வேலை ஒத்துக்கொள்ளவில்லை, காலையிலிருந்து போன் பக்கத்திலேயே இருப்பேன். மாத்திரை எல்லாம் ஒழுங்காகப் போடுகிறேன், அதைக் கேட்காதே.

உன் குரலுக்குக் காத்திருக்கும்
அப்பா