ரொக்கமாக ஒரு நீலக் கார்

கிரீன்வுட், மிசிசிப்பி
அக்டோபர் 19

அன்பு மகன் லவானுக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. அலாஸ்காவில் இப்போதே பனி கொட்டுவதாகத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். மீன் ஆலையில் நிற்கும்போது இரண்டு காலுறை போட்டுக்கொள். உனக்கு உன் அப்பாவின் நெஞ்சு. சளி பிடித்தால் லேசில் விடாது.

சேதி என்னவென்றால், நான் கார் வாங்கிவிட்டேன். நான்கு வருடம் ஓடிய கார்தான், நீல நிறம். பதின்மூவாயிரத்து எண்ணூறு டாலர், முழுவதும் ரொக்கம். அம்மா பெருமையடிக்கிறாள் என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள், பெருமைதான் அடிக்கிறேன். ஆறு வருடம் வெள்ளிக்கிழமை தவறாமல் கெளுத்தி மீன் வறுத்து, கீரையும் சோள ரொட்டியும் வைத்து, தட்டு பன்னிரண்டு டாலருக்கு விற்ற காசு. பள்ளிச் சமையலறைச் சம்பளத்தில் இதற்கென்று ஒரு டாலர்கூடத் தொடவில்லை.

காசோலையாகக் கொண்டுபோ என்று என் சிநேகிதி எர்னஸ்டீன் தலைதலையாய் அடித்துக்கொண்டாள். அவள் இன்னும் கூட்டுறவு வங்கியில்தான் இருக்கிறாள். "ஏண்டி, பத்தாயிரத்துக்கு மேல நோட்டாக் கொண்டு போனா வரி இலாகாவுக்குப் படிவம் எழுதணும்டி. அதுல உன் சோஷியல் செக்யூரிட்டி நம்பரைக் கேப்பாங்க" என்றாள். நான் கேட்கவில்லை. நோட்டை மேசைமேல் வைத்து வாங்கவேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. கோயிலுக்கு எடுத்துப்போகும் கைப்பையில் அடுக்கி, எர்னஸ்டீனையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். முட்டாள்தனம்தான்.

அந்த எண்ணை யாரிடமும் கொடுக்க எனக்கு ஏன் பயம் என்று உனக்குத் தெரியும். அதை வைத்து என் கடன் வரலாற்றை எடுத்துவிடுவார்கள். அதில் நீ ஓட்டிய அந்த டிரக்கின் கடன் இருக்கும். கையெழுத்து என்னுடையது, கட்டாத மாதங்கள் உன்னுடையவை. ஈஸ்டர் ஞாயிறன்று, எல்லாரும் தொப்பியும் புதுத்துணியுமாக நிற்க, கடன் கொடுத்தவர்கள் கோயில் முற்றத்திலிருந்து அதை இழுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அடுப்பு வாங்கப் போனாலும் வாடகை வீடு கேட்டுப் போனாலும், காகிதத்தைப் பார்த்துவிட்டு என் முகத்தை ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு முன்னால் இனி உட்காருவதில்லை என்று முடிவெடுத்தேன். ரொக்கம் சேர்த்ததே அதற்காகத்தான்.

கார் கடையில் ஹான்லி என்று ஒரு விற்பனையாளர். பேச்சுக்குப் பேச்சு "மிஸ் ஓசெல்லா", நிமிடத்துக்கு நிமிடம் காபி. ரொக்கம் என்று நான் சொன்னதும் மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. கடன் கொடுத்தால்தான் அவர்களுக்கு லாபமாம், எர்னஸ்டீன் காதில் சொன்னாள். "கடனா எடுத்துக்குங்க மிஸ் ஓசெல்லா, ஆயிரம் குறைச்சுத் தர்றேன்" என்றார். வேண்டாம் என்றேன். "ரொக்கம்னாலும் கிரெடிட் பாக்கணுங்க, எல்லாருக்கும் ஒரே விதிதான்" என்றார். "எந்த விதி? எடுத்துக் காட்டுங்க பாப்போம்" என்று எர்னஸ்டீன் கேட்டாள். காட்டவில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். உடனே இறங்கி வந்தார். வரிப் படிவத்துக்கு மட்டும் எண் வேண்டும் என்றார். அது சட்டம்தான், மறுக்க முடியாது. 'படிவத்துக்கு மட்டும், கடன் பார்க்க அனுமதி இல்லை' என்று ஓரத்தில் என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன்.

உள்ளே போனவர் வரவேயில்லை. கண்ணாடிக்கு அப்பால் அவரும் மேலாளரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. எர்னஸ்டீன் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் வந்ததும் "கேக்காமப் பாத்துட்டீங்கல்ல?" என்றேன். "பழக்கதோஷத்துல பாத்துட்டோங்க... ஆனா மிஸ் ஓசெல்லா, உங்க கிரெடிட் மதிப்பெண் எண்ணூத்தம்பதுக்கு எழுநூத்து எண்பத்தொண்ணு! இந்த மாசம் இங்க வந்தவங்க யாருக்கும் இவ்வளவு இல்ல. இதை வெச்சுக்கிட்டு ரொக்கம் எதுக்குங்க?" என்றார்.

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். காகிதத்தைக் கேட்டு வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துப் பார்த்தேன். அடுப்புத் தவணை இருந்தது. எர்னஸ்டீன் வாங்கித் தந்த சின்னக் கடன் அட்டை இருந்தது. எல்லாம் நாள் தவறாமல் கட்டியது. திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன். டிரக் எங்கே என்று கேட்டேன். "எந்த டிரக்குங்க?" என்றார் அந்த மனிதர்.

"ஏழு வருஷம் ஆச்சுல்லடி, கட்டாத கடன் பட்டியல்லேருந்து தானா விழுந்துடும்" என்றாள் எர்னஸ்டீன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பேச்சையே எடுக்க நான் யாரையும் விட்டதில்லையே, எப்படிச் சொல்வாள்?

அழுதேன் லவான், அந்தக் கடையில் உட்கார்ந்து. பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு ஒரு பிடி பிடித்தேன். என் அனுமதி இல்லாமல் என் பெயரைத் தொட்டதற்கு என்ன பதில் என்று கேட்டேன். மேலாளரே வந்து மன்னிப்பு எழுதிக் கொடுத்தார். நானூறு டாலர் ஆவணக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்தார். அப்போதும் ஹான்லி விடவில்லை, என் மதிப்பெண்ணுக்கு வட்டி மிகக் குறைவு என்று ஆரம்பித்தார். பையைத் திறந்து நோட்டை மேசைமேல் வைத்தேன். இரண்டு முறை எண்ணினார்கள். எண்ணட்டும் என்று காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன்.

இப்போது உன்னிடம் வருகிறேன். ஏழு கிறிஸ்துமஸாக உன்னிடமிருந்து வாழ்த்து அட்டையும் இரண்டு வரியும் வருகின்றன. 'அடுத்த வருடம் பார்க்கலாம்' என்று எழுதுகிறாய். ஏன் வரவில்லை என்று நானும் கேட்டதில்லை. கேட்டால் அந்த ஈஸ்டரைப் பற்றிப் பேசவேண்டும், அதனால் கேட்கவில்லை. தப்பு என்னுடையதுதான்.

கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் தேடிவிட்டேன், மகனே. அது இல்லை. அதை மறக்கக் காகிதத்துக்கு ஏழு வருடம் ஆயிற்று. எனக்கு அவ்வளவு நாள் ஆகவில்லை.

அடுத்த மாதம் நன்றித் திருநாள். மெம்ஃபிஸ் விமான நிலையம் இங்கிருந்து இரண்டரை மணி நேரம்தான். எத்தனை மணிக்கு இறங்குகிறாய் என்று மட்டும் எழுது, நான் வாசலில் நிற்பேன். காரை நான்தான் ஓட்டுவேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து வந்தால் போதும்.

ஆண்டவர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

வழி பார்த்திருக்கும் உன் அம்மா,
ஓசெல்லா விட்லோ