ஆறு பெட்டிகளும் ஒரு மேசையும்

"சொல்லாமக் கொள்ளாம அனுப்பிட்டியே, இப்ப அதுங்க யாரைப் போய்த் தேடும் பாவா?" என்று அன்று நீ கேட்டாய்.

இன்று காலை நம் நர்சிங் கல்லூரியில் பழைய வைஃபை பெட்டிகளைக் கழற்றிக் குவித்திருந்தார்கள். தூசியும் சூடேறிய பிளாஸ்டிக்கும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் கேள்விதான் முதலில் வந்தது.

நான் அங்கே கணினி ஆசிரியன். மின்சாரம், நெட்வொர்க், ஏணி மூன்றும் உன் பொறுப்பு. பிறர் முன்னால் என்னை "சார்" என்பாய். டீக்கடைக்கு வந்தால் உங்கள் வீட்டுத் தெலுங்கில் "பாவா", அதாவது மச்சான். "அப்படின்னா உன் தங்கச்சிய நான் கட்டணுமே?" என்று ஒருமுறை கேட்டேன். "எனக்குத் தங்கச்சியே கெடையாது, தைரியமா இரு" என்றாய்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் புதுக் கட்டடம் எழும்பியபோது நமக்குச் சோதனை வந்தது. அதுவரை எல்லாப் பெட்டிகளும் அவற்றை ஆளும் கன்ட்ரோலரும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தன. ஒரே வகுப்பில் இருக்கும் பிள்ளையை முகம் பார்த்துக் கூப்பிடுவதுபோல, பெட்டியின் உடம்பில் பதிந்த எண்ணே போதும். புதுக் கட்டடமோ வேறு நெட்வொர்க். வேறு பள்ளிக்குப் போன பிள்ளைக்குக் கடிதம் எழுத முகவரி வேண்டும். ஆகவே கன்ட்ரோலரின் டிரான்ஸ்போர்ட் மோடை, முகவரி வைத்துப் பேசும் முறைக்கு மாற்ற வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை புதுக் கட்டடத்தில் கடைசி வருட மாணவிகளுக்கு ஆன்லைன் தேர்வு. நெட் வராவிட்டால் மையத்தை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். நீ உறவுக்காரர் கல்யாணத்துக்குப் பொதட்டூர்பேட்டைக்குக் கிளம்பும்போது, "நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாத" என்றாய். நான் தொட்டேன். வெள்ளிக்கிழமையே ஆறு பெட்டிகளைப் பழைய கட்டடத்திலிருந்து கழற்றிப் புதுக் கட்டடத்தில் மாட்டச் சொல்லி, முறையை மாற்றி, சேமித்து, கன்ட்ரோலரை மறுபடி இயக்கினேன். பழைய கட்டடத்தில் மிச்சமிருந்த பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கன்ட்ரோலரிடம் திரும்பி வந்தன. அந்த நம்பிக்கையில் முதல்வரிடம் போய், "முடிஞ்சது மேடம்" என்றும் சொல்லிவிட்டேன்.

ஆறும் வரவேயில்லை.

மறுநாள் கிருத்திகை, ஊர்க் கோயிலில் காவடிக் கூட்டம். பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட, கூட்டத்துக்குள் நடந்து, கல்யாணப் பட்டு வேட்டியோடு வந்து நின்றாய்.

"இன்னா பாவா, பந்தியில குந்தினேன், உன் போன் வந்துச்சு. வடை கூட துன்னல."

"ஆறும் கண்ணு சிமிட்டிக்கினே கீதுப்பா" என்றேன்.

"சிமிட்டாம? கன்ட்ரோலர் எங்க கீதுன்னு அதுங்களுக்கு யாரு சொன்னா? எல்லாம் ஒண்ணா கீறப்பவே மாத்தியிருக்கணும்." அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாய்.

"மேடத்துக்கிட்ட முடிஞ்சதுன்னு சொல்லிட்டேன்" என்றேன்.

"சொன்னா இன்னா, முடிச்சிடலாம். ஏணியப் புடி."

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினாய். ஆறையும் இறக்கி, ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டு, இருவரும் ஆளுக்கொரு காதைப் பிடித்து ரோட்டைக் கடந்தோம். காவடியோடு நின்ற ஒருவர் வழிவிட்டு, "இன்னா நைனா, பிரசாதமா?" என்றார். "ஆங், திங்கட்கிழமை குடுப்போம்" என்றாய்.

பழைய கட்டட லேப் மேசையில், கன்ட்ரோலர் இருக்கும் நெட்வொர்க்கிலேயே ஆறையும் செருகினோம். ஒவ்வொன்றும் முகவரி வாங்கி, கன்ட்ரோலரைக் கண்டு, அதன் முகவரியை மனதில் வாங்கி, விளக்கு நிலையாக எரியும்வரை நீ நகரவில்லை. ஐந்து வந்துவிட்டன. "ஆறாவது தானா வரும், போலாம்" என்றேன். "அதும் கீழ ஒக்காந்து எழுதற பொண்ணுகிட்ட போய் இத்தச் சொல்லு" என்றாய். அதுவும் வந்த பிறகே, ஆறையும் புதுக் கட்டடத்தில் மறுபடி மாட்டக் கூடையைத் தூக்கினோம்.

தேர்வு நடந்தது. வழிபாட்டுக் கூட்டத்தில் முதல்வர் என் முன்யோசனையைப் பாராட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் எழுந்து வணங்கினேன். நீ கடைசியில், ஏணிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாய். வாய்திறக்க ஒரு நிமிடம் போதும். திறக்கவில்லை. நெட்வொர்க் கோப்பிலும் என் கையெழுத்து மட்டும் போட்டேன்.

"கைதட்டு நல்லா கேட்டுச்சா பாவா?" என்று டீக்கடையில் கேட்டாய். சிரித்துத்தான் கேட்டாய். நானும் சிரித்து வைத்தேன். அப்புறம் எத்தனையோ வருடம் ஒன்றாக டீ குடித்தோம். உண்மையை எல்லாரிடமும் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். போன தை மாதம் நீ போய்விட்டாய்.

இன்று புதிய இன்ஜினியர் அந்தக் கோப்பைப் புரட்டி, "நல்லா பண்ணியிருக்கீங்க சார்" என்றார். "கெடுத்தது நான். சரி பண்ணது இன்னொருத்தர்" என்றேன். பேனா வாங்கி, என் கையெழுத்துக்கு மேலே உன் பெயரை அப்பா பெயரோடு முழுசாக எழுதினேன். நீ கேட்காத ஒன்றை, நீ இல்லாதபோது கொடுக்கிறேன் என்பது தெரியும். அந்தக் கனம் எனக்குள் அப்படியே இருக்கிறது, இருக்கட்டும்.

இந்த மடலையும் அந்தக் கோப்பிலேயே வைக்கிறேன். அடுத்துத் திறப்பவருக்கு உன் வேலைமுறையை எழுதிவிடுகிறேன்: முறையை மாற்றும்போது எல்லாப் பெட்டிகளையும் ஒரே நெட்வொர்க்கில் வைத்திருங்கள், கடைசிப் பெட்டியும் திரும்பி வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு இடம் மாற்றுங்கள்.